'தெரியாம வெடிச்சிருச்சு'... துப்பாக்கி விபத்தில் உயிர் போனால் சட்டம் என்ன சொல்கிறது?

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை பக்கத்தில், தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயது சிறுவன் திடீரெனச் சரிந்து விழுந்தான். தலையில் துப்பாக்கிக் குண்டு. அந்த நேரத்தில் பசுமலைப்பட்டியில் உள்ள துப்பாக்கி சுடும் தளத்தில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்த சிறுவன், 2022 ஜனவரி 3 அன்று இறந்துபோனான். தளம் மூடப்பட்டது. குடும்பத்துக்கு ₹10 லட்சம் நிவாரணம் அறிவித்தார் முதல்வர் ஸ்டாலின்.

அந்தச் சிறுவனை யாரும் குறிவைக்கவில்லை. அப்படின்னா இது விபத்தா, குற்றமா? 'வேணும்னு செய்யல' என்று சொன்னால் தப்பித்துவிட முடியுமா?

விபத்துன்னா கேஸே இல்லையா?

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 18-வது பிரிவு, பழைய ஐ.பி.சி-யில் 80. சட்டமே ஒரு உதாரணம் தருகிறது. ஒருவர் கோடரியால் வேலை செய்கிறார். அதன் தலைப்பகுதி கழன்று பறந்து, பக்கத்தில் நின்றவர் இறந்துபோகிறார். வேலை செய்தவர் உரிய கவனத்தோடு இருந்திருந்தால், அது குற்றமில்லை.

ஆனால் 'உரிய கவனம்' என்பதுதான் இங்கே கண்டிஷன். செய்கிற காரியமும் செய்கிற முறையும் சட்டப்படி இருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பன்றி வேட்டைக்குப் போய், கூட வந்தவர் மேல் குண்டு பாய்ந்தால் இந்த விதிவிலக்கைக் கேட்பது கஷ்டம். தோட்டா இருக்கிறதா என்று பார்க்காமலே துப்பாக்கியைத் துடைத்தவருக்கும் அதே கதிதான்.

கவனக்குறைவு என்றால் எவ்வளவு தண்டனை?

கொட்டிவாக்கத்தில் ஈ.சி.ஆரைக் கடப்பவர் மேல் கார் மோதி, அவர் இறந்துபோனால் போலீஸ் என்ன பிரிவு போடும்? பி.என்.எஸ் 106(1), அதாவது கவனக்குறைவால் மரணம் விளைவித்தல். கை தவறி வெடித்த துப்பாக்கிக்கும் அதே பிரிவுதான். அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, கூடவே அபராதம். ஜாமீனில் வெளிவரக்கூடிய குற்றம்.

பழைய ஐ.பி.சி 304ஏ-வில் இது 2 ஆண்டுதான். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த சம்பவங்களுக்குப் பழைய அளவே பொருந்தும். நார்த்தாமலை சம்பவமும் அதற்குள் வருகிறது.

'யாராவது சாகலாம்' என்று தெரிந்தே சுட்டால்?

இங்கேதான் கேஸ் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. கொல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும், 'இப்படிச் சுட்டால் உயிர் போகலாம்' என்ற அறிவு இருந்தால் அது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம். இப்போது பி.என்.எஸ் 105, முன்பு ஐ.பி.சி 304. இந்த வகையில் 10 ஆண்டு வரை சிறை, ஜாமீன் எளிதில் கிடைக்காது.

வட இந்தியக் கல்யாணங்களில் கொண்டாட்டத்துக்காகச் சுடுவதை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். உத்தராகண்டில் அப்படி ஒருவர் லைசென்ஸ் துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட்டார். இரண்டு பேர் இறந்தார்கள். 2020-ல் உச்ச நீதிமன்றம் அதைக் கொலை என்று ஏற்கவில்லை, சும்மாவும் விடவில்லை. கூட்டத்துக்கு நடுவே சுட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றது. தண்டனை 10 ஆண்டு. 2024-ல் உத்தரப்பிரதேச வழக்கு ஒன்றிலும் கொலைக் குற்றத்தை இதே பிரிவுக்கு மாற்றியது.

அடுத்த படி கொலை. 2011-ல் சென்னை தீவுத்திடல் அருகே ராணுவக் குடியிருப்புக்குள் நுழைந்த 13 வயது சிறுவனை, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி சுட்டுக் கொன்றார். அந்த வழக்கில் 2012-ல் விரைவு நீதிமன்றம் தந்தது ஆயுள் தண்டனை.

யாரும் சாகலைன்னா?

அப்போதும் குற்றம்தான். 2019-ல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டத்தின் 25(9) பிரிவுப்படி, உயிருக்கு ஆபத்து வரும் வகையில் அலட்சியமாகச் சுட்டாலே 2 ஆண்டு வரை சிறை, அல்லது ₹1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கல்யாணம், திருவிழா என்று எங்கே சுட்டாலும் பொருந்தும்.

சுட்டவர் மட்டும்தான் பொறுப்பா?

2021 அக்டோபரில் அமெரிக்காவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில், நடிகர் அலெக் பால்ட்வின் கையில் இருந்த துப்பாக்கி வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். பால்ட்வின் மீதான வழக்கு 2024 ஜூலையில் தள்ளுபடியானது. ஆனால் ஆயுதங்களுக்குப் பொறுப்பாளராக இருந்த ஹன்னா குட்டியெரஸ் ரீடுக்கு 18 மாதச் சிறை. நிஜத் தோட்டா உள்ளே இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டியது அவர் வேலை.

நார்த்தாமலைக்கும் இதே கேள்வி பொருந்தும். பயிற்சியில் இலக்கை நோக்கிச் சுடுகிற வீரரின் குண்டு ஒரு வீட்டுக்குள் போகிறதென்றால், தவறு அவருடைய கையில் மட்டும் இல்லை. தளத்தை எங்கே அமைத்தார்கள், குண்டைத் தடுக்கும் மண்மேடு எவ்வளவு உயரம், ஊருக்கு முன்னெச்சரிக்கை கொடுத்தார்களா... இதையெல்லாம் முடிவு செய்தவர்கள் வேறு. ஆனால் 106(1) மாதிரியான பிரிவு 'இந்த ஆளின் இந்தச் செயலால் மரணம்' என்று நேரடித் தொடர்பைக் கேட்கிறது. பொறுப்பு பல மேசைகளில் பிரியும்போது அதை நிரூபிப்பது சிரமம். அரசுப் பணியில் செய்த செயல் என்றால், வழக்கை நீதிமன்றம் ஏற்பதற்கு முன் அரசின் அனுமதி வேண்டும் என்ற வாதமும் வரும்.

குடும்பம் என்ன செய்யலாம்?

* உடனே 112. துப்பாக்கியையும் தோட்டா உறையையும் யாரும் தொடக் கூடாது. எந்தத் துப்பாக்கி என்று சொல்லப்போகும் ஆதாரம் அதுதான்.
* எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். 'எங்க எல்லை இல்ல' என்று திருப்பி அனுப்ப முடியாது. ஜீரோ எஃப்.ஐ.ஆர் பதிவு செய்ய வேண்டும்.
* எஃப்.ஐ.ஆரில் என்ன பிரிவு என்று பாருங்கள். 106-க்கும் 105-க்கும் இடையில் 5 ஆண்டு வித்தியாசம்.
* மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இழப்பீடு கேட்கலாம். இது முதல்வர் அறிவிக்கும் நிவாரணத்திலிருந்து தனி.

'தெரியாம வெடிச்சிருச்சு' என்பது வழக்கின் முடிவு இல்லை, ஆரம்பம். 'வேணும்னு செய்தாயா?' என்பதோடு சட்டம் நிற்பதில்லை. 'வெடிக்கும்னு தெரியாதா? தெரிஞ்சும் ஏன் பார்க்கல?' என்றும் கேட்கும். அந்தக் கேள்வி துப்பாக்கியைப் பிடித்தவரோடு நிற்காமல், தளத்தை அமைத்தவர் வரை போனால்தான், சாப்பிட உட்கார்ந்த ஒரு பிள்ளைக்கு வீடு பாதுகாப்பான இடமாக இருக்கும்.