ஒரகடம் பஸ்ஸில் ஒரு ஆர்.சி. கிளாஸ்!

காலை ஐந்தே முக்கால். ஒரகடம் ஜங்ஷன் டீக்கடை வாசலில் வரிசையாக யூனிஃபார்ம்கள். கழுத்தில் ஐ.டி. கார்டு, காதில் இயர்போன், கண்ணில் பாதித் தூக்கம். கம்பெனி பஸ் வருகிறது. ஏறி உட்கார்ந்த அடுத்த நிமிஷமே தலை ஜன்னலில் சாய்கிறது. அந்த வரிசையில் சிலருடைய பையில், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் கேட் தேர்வு மெட்டீரியலும் இருக்கும். பி.இ. முடித்து ட்ரெய்னியாகச் சேர்ந்து, ‘ரெண்டே வருஷம்... அப்புறம் எம்.பி.ஏ.’ என்று சபதம் போட்டவர்கள். பென்னலூர், தண்டலம் பக்கம் ஃபைனல் இயர் படிக்கும் உங்களில் பலரும் அடுத்த வருஷம் இதே வரிசையில் நிற்கப் போகிறவர்கள்தான்.

இவர்களிடம் ‘எப்படிப் போகுது ப்ரிபரேஷன்?’ என்று கேட்டுப் பாருங்கள். கணக்கு பற்றிக் கவலையே இருக்காது. டேட்டா இன்டர்ப்ரெட்டேஷனா... ப்ரொடக்‌ஷன் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பார்த்து அதுவும் பழகிவிட்டது. ‘இந்த ரீடிங் காம்ப்ரிஹென்ஷன்தான் பாஸ்...’ என்று இழுப்பார்கள். பல ஐ.ஐ.எம்.கள் மொத்தப் பெர்சன்டைலோடு, மூன்று பகுதிகளுக்கும் தனித்தனியாகவும் ஒரு குறைந்தபட்சப் பெர்சன்டைல் கேட்கின்றன. கணக்கில் புலியாக இருந்தாலும் வெர்பல் பகுதியில் அந்தக் கோட்டைத் தாண்டாவிட்டால் இன்டர்வியூ அழைப்பு வராது. அந்த வெர்பலில் பெரும்பங்கு ஆர்.சி.தான். சமீப வருஷங்களில் 24 கேள்விகளில் 16 கேள்விகள், நான்கு பாஸேஜ்களில் இருந்து! அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் எம்.பி.ஏ. தாளிலும் ஆர்.சி. உண்டு.

சரி, ஏன் சறுக்குகிறது? ‘நான் தமிழ் மீடியம் பாஸ், வொகாபுலரி கம்மி’ என்பீர்கள். உடனே ஒரு தடிமனான வார்த்தைப் புத்தகம் வாங்குவீர்கள். முதல் முப்பது பக்கம் மட்டும் அழுக்காகி, மீதி புத்தம்புதுசாக அது அலமாரியில் தூங்கும். இன்னும் சிலர் ஸ்பீடு ரீடிங் கோர்ஸுக்குப் பணம் கட்டுகிறார்கள். ரெண்டும் வீண் அலைச்சல் என்பது என் கட்சி.

வேகக் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். வெர்பல் பகுதிக்கு 40 நிமிஷம். ஒரு பாஸேஜுக்கும் அதன் நான்கு கேள்விகளுக்கும் சேர்த்து 8 நிமிஷம் என்று வைத்தால், நான்கு பாஸேஜுக்கு 32. மீதி 8 நிமிஷம் மற்ற எட்டுக் கேள்விகளுக்கு. 500 வார்த்தை பாஸேஜை நிமிஷத்துக்கு 150 வார்த்தை என்று நிதானமாகப் படித்தாலே மூன்றரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். கேள்விகளுக்கு நாலரை நிமிஷம் மிச்சம். ஆக, நேரம் போதும். முதல் தடவை புரியாமல் மறுபடி மேலே போய், மறுபடி கீழே வந்து... அந்த ஏற்ற இறக்கத்தில்தான் நேரம் கரைகிறது.

புரியாமல் போவதற்கு நம் பழக்கமும் ஒரு காரணம். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். ‘அவர் சொன்னதை நான்...’ என்று தொடங்கினால் ஏற்றாரா, மறுத்தாரா என்று முடிவில்தான் தெரியும். நாமும் பொறுமையாகக் காத்திருப்போம். இங்கிலீஷில் பெரும்பாலும் யார், என்ன செய்தார் என்பது முன்னாலேயே வந்துவிடும். பிறகு அதற்கு வால் போல ‘விச்’, ‘ஹூ’, ‘ஆல்தோ’ என்று நீண்டுகொண்டே போகும். மனசுக்குள் வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கினால் முழு வாக்கியத்தையும் தலைகீழாகப் புரட்டிப்போட வேண்டியிருக்கும். நாற்பது வார்த்தை வாக்கியத்தைப் புரட்டினால் மூளை களைக்காமல் என்ன செய்யும்? அதனால் நீளமான வாக்கியம் வந்தால் முதலில் இரண்டை மட்டும் பிடியுங்கள். யார் அல்லது எது? என்ன செய்கிறது? வாலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு வில்லன், நமக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்! நம்பமாட்டீர்கள். இதோ, கேட் பாணியில் நானே ஒரு குட்டி பாஸேஜ் தயாரித்திருக்கிறேன். புரிவதற்காகத் தமிழில். உங்கள் ஏரியா சமாசாரம்தான்.

“ஒரு பெரிய ஆலை மூடப்பட்டால் எல்லோரும் ஒற்றைக் காரணத்தைத் தேடுகிறார்கள். 2006-ல் உற்பத்தி தொடங்கி, 2014 நவம்பர் 1-ல் நின்றுபோன ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை விஷயத்தில் பலரும் சொல்லும் காரணம் வரி வழக்கு. மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய சொத்துகளில் இந்த ஆலை சேராமல் போனதற்கு அந்த வழக்குதான் காரணம் என்பது உண்மையே. ஆனாலும், அது ஒன்றையே சொல்பவர்கள், அதே வருஷங்களில் சந்தை பட்டன் போனில் இருந்து டச் போனுக்குத் தாவியதை மறந்துவிடுகிறார்கள். வழக்கே இல்லாமல் இருந்திருந்தாலும் ஆலை நீடித்திருக்குமா என்பது சந்தேகமே.”

கேள்வி: கட்டுரையாளர் எதை ஒப்புக்கொள்வார்?
(அ) வரி வழக்கால்தான் ஆலை மூடப்பட்டது.
(ஆ) வழக்குக்கும் மூடலுக்கும் சம்பந்தமே இல்லை.
(இ) சந்தை மாற்றத்தைச் சேர்க்காத விளக்கம் முழுமையானதல்ல.
(ஈ) ஆலை மூடப்பட்டதால் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

உங்கள் அண்ணனோ பக்கத்து வீட்டு அக்காவோ அங்கே வேலை பார்த்திருந்தால், கை நேராக (ஈ)-க்குப் போகும். உண்மைதானே! ஆனால் பாஸேஜில் அதைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா? இல்லை. ஊர் உலகத்துக்கே தெரிந்த உண்மையாக இருந்தாலும் பாஸேஜில் இல்லாவிட்டால் அது தப்பு விடைதான். (அ) என்பது மற்றவர்களின் கருத்து, எழுதியவருடையது அல்ல. (ஆ)-வில் ஆபத்தான வார்த்தை ‘சம்பந்தமே’. வழக்குக்கு ஒரு பங்கு உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறாரே! மிச்சம் (இ). படிக்க மொக்கையாக, ஜாக்கிரதையாக இருக்கிறதல்லவா? சரியான விடைகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

நானும் ஒரு மாக் டெஸ்ட்டில், ‘ஆஹா, நமக்குத் தெரிஞ்ச சப்ஜெக்ட்’ என்று ஒரு பாஸேஜை ஆசை ஆசையாக எடுத்தேன். நாலில் ஒன்று ரைட்டு, மூன்று தப்பு. சரிக்கு மூன்று மார்க், ஒவ்வொரு தப்புக்கும் ஒரு மார்க் கழிவு. வாங்கிய மூன்றையும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதே டெஸ்ட்டில் ஒன்றுமே தெரியாத கடல்பாசி பாஸேஜில் நாலும் சரி!

அடுத்தவர் கருத்தை முதலில் விரிவாகச் சொல்லிவிட்டு அப்புறம் வெட்டுவது, கேட் பாஸேஜ்களில் அடிக்கடி வரும் உத்தி. ஸ்ரீபெரும்புதூர்காரர்களுக்கு இது ஒன்றும் புதுசில்லை. 1017-ல் இங்கே பிறந்ததாகச் சொல்லப்படும் ராமானுஜர், பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில் இதைத்தான் செய்கிறார். தான் மறுக்கப்போகிற வாதத்தை ‘பூர்வபட்சம்’ என்று முதலில் வலுவாக நிறுத்துவார். பிறகுதான் தன் ‘சித்தாந்தம்’. ஆரம்பப் பக்கங்களை மட்டும் புரட்டிவிட்டு எழுந்து போனவர், ராமானுஜரை அத்வைதி என்றே முடிவு கட்டிவிடலாம்! ஆகவே ‘மெனி பிலீவ்’, ‘இட் இஸ் ஆஃபன் செட்’ என்று தொடங்கினால் பூர்வபட்சம் ஓடுகிறது என்று உஷாராகுங்கள். ‘ஹவெவர்’, ‘யெட்’, ‘பட்’ வரும் இடத்தில் வண்டி யூ-டர்ன் அடிக்கிறது. ‘டு பி ஷ்யூர்’, ‘க்ரான்டட்’ என்றால் எதிராளிக்கு ஒரு பாயின்ட் விட்டுக்கொடுக்கிறார், அவ்வளவுதான். கட்சி மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, ப்ராக்டீஸ் எப்படி? இங்கேதான் கம்பெனிப் பழக்கம் கைகொடுக்கும். லைனில் ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் என்ன செய்வீர்கள்? தூக்கிப் போட்டுவிட்டுப் போக முடியுமா? எந்த ஸ்டேஷன், என்ன டிஃபெக்ட், ஏன் வந்தது என்று எழுதி, ‘வொய்-வொய்’ போட்டு ரூட் காஸ் வரை தோண்டுவார்கள். தப்பான ஒவ்வொரு விடைக்கும் அதே வைத்தியம் செய்யுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ‘பாஸேஜில் இல்லாததைத் தேர்ந்தெடுத்தேன்’, ‘ஆல், ஒன்லி, நெவர் வார்த்தையைக் கவனிக்கவில்லை’, ‘அடுத்தவர் கருத்தை ஆசிரியர் கருத்தாக எடுத்தேன்’, ‘கேள்வியில் எக்ஸெப்ட் இருந்ததைப் பார்க்கவே இல்லை’... இப்படி. முப்பது நாற்பது தப்பு சேர்ந்ததும் பாருங்கள். பெரும்பாலும் ரெண்டு மூன்று டிஃபெக்ட்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். எல்லாருக்கும் அதே ரெண்டு மூன்று இல்லை. அதனால்தான் பொதுவான டிப்ஸ் புத்தகங்கள் பாதி வேலைதான் செய்கின்றன (இந்தக் கட்டுரையும்தான்!).

கேள்விகளுக்கு எங்கேயும் அலைய வேண்டாம். 2017-ல் இருந்து வந்த கேட் தாள்கள் விடைகளோடு நெட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் அவற்றை முடியுங்கள், கோச்சிங் மெட்டீரியல் அப்புறம். கேள்வி இல்லாமல் சும்மா படிக்க, ஏயான் போன்ற இணைய இதழ்களின் கட்டுரைகள் நல்ல தீனி. அங்கிருந்து கேட்டுக்குப் பாஸேஜ் எடுத்தும் இருக்கிறார்கள். காலை பஸ்ஸில் ஒரு கட்டுரை. படித்ததும் போனை ஆஃப் செய்துவிட்டு, ‘இந்த ஆள் என்ன சொல்றார்? யாரை மறுக்கிறார்?’ என்று ரெண்டு வரி, தமிழிலேயே, மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையா? புரியவில்லை என்று அர்த்தம். திரும்பப் படியுங்கள். மாலை பஸ்ஸில் படிக்காதீர்கள். எட்டு மணி நேரம் நின்ற உடம்பு, தூங்கட்டும்.

தெரியாத கேள்வியை அடித்துவிடலாமா, விடலாமா? கணக்குப் புலிகளுக்குக் கணக்கிலேயே பதில். நாலில் ஒன்றை கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் சராசரி லாபம் பூஜ்யம். ஒரு ஆப்ஷனை உறுதியாக ஒதுக்க முடிந்தால் கேள்விக்கு மூன்றில் ஒரு மார்க் லாபம். ரெண்டை ஒதுக்கினால் ஒரு முழு மார்க். ஆக, எதையுமே ஒதுக்க முடியாத கேள்வியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கடைசியாக ஒரு விஷயம், எந்த கோச்சிங் சென்டரும் சொல்லித் தராதது. கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில் இருக்கும். தேர்வு பெரும்பாலும் நவம்பர் கடைசி ஞாயிறு, காலை, மதியம், மாலை என மூன்று ஸ்லாட். உங்களுக்குக் காலை ஸ்லாட் விழலாம். நவம்பர் ஷிஃப்ட் ரோஸ்டர் போடுவதற்கு முன்பே சூபர்வைசரிடம் போய், ‘சார், அந்தச் சனிக்கிழமை மட்டும் நைட் ஷிஃப்ட் வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். ஸ்வாப் பண்ணிக்கொள்ள ஒரு நண்பனையும் இப்போதே பிடித்து வையுங்கள். அவனும் கேட் எழுதுகிறானா என்று முதலில் கேட்டுவிட்டு!