வேர் பிடித்த புதினா

பணி மாறுதலில் லக்னோ வந்தபோது, தந்தையின் மறைவுக்குப் பின் தனித்திருந்த என் தாயாரையும் உடன் அழைத்து வந்தேன். எழுபது வயதைக் கடந்தவர், இந்தி அறியாதவர். நாங்கள் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் சென்றபின், மூன்றாம் மாடி வீட்டில் அவருக்குத் துணை தொலைக்காட்சி மட்டுமே. “பேச ஆளில்லாத ஊரப்பா இது” என்று ஒருநாள் கூறினார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

ஒரு பிப்ரவரிக் காலையில், துவையலுக்கு ஆய்ந்த புதினாக் கட்டில் மிஞ்சிய தண்டுகளை எறிய மனமின்றி, அவர் கண்ணாடிக் குவளை நீரில் இட்டுவைத்தார். எங்கள் மாடித் தோட்டத்தின் தொடக்க முதலீடு அதுவே.

புதினாவை வளர்க்க விதை தேவையில்லை. ஒரு சாண் நீளமுள்ள நலமான தண்டுகளைத் தேர்ந்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணுக்களேனும் மூழ்குமாறு நீரில் வைக்க வேண்டும். நீரை அடிக்கடி மாற்றிவந்தால், ஓரிரு வாரங்களில் கணுக்களில் வெண்ணிற வேர்கள் தோன்றும். பின்னர், அடியில் துளையுள்ள அகலமான தொட்டியில் மண், மக்கிய உரம், சிறிது மணல் ஆகியவற்றைக் கலந்து நடலாம். புதினா ஓடுதண்டுகளால் பரவி அயற்செடிகளின் இடத்தையும் கவர்ந்துகொள்ளும். எனவே அதற்குத் தனித் தொட்டியே ஏற்றது. காலை வெயில் நன்று. ‘லூ’ எனப்படும் அனற்காற்று வீசும் வடநாட்டுக் கோடையில் பிற்பகல் நிழல் இன்றியமையாதது. மண் காயவும் கூடாது. நீர் தேங்கவும் கூடாது.

பறிப்பதற்கும் ஒரு முறை உண்டு. தண்டின் நுனியைக் கணுவுக்குச் சற்று மேலே கிள்ளினால், அவ்விடத்தில் இரு கிளைகள் துளிர்க்கும். ஒரே வேளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது. வணிகவியல் படித்த எனக்கு இதில் புதுமை இல்லை. வட்டியை எடுத்து அசலைக் காப்பதே இதுவும்.

லக்னோவை அடுத்த பாராபங்கி மாவட்டத்துக்குப் பயிர்க்கடன் ஆய்வுக்காகச் சென்றபோது, வயல் வயலாகப் புதினாவின் இனமான ‘மென்தா’வைக் கண்டேன். கோடையில் அறுத்த பயிரை ஊரிலேயே நீராவியில் வடித்து எண்ணெய் எடுக்கின்றனர். அதிலிருந்து பெறப்படும் மெந்தால், பற்பசையிலும் வலிநிவாரணத் தைலங்களிலும் சேர்கிறது. உழவர் பலர் அவ்வெண்ணெயை உடனே விற்காமல், விலை உயரும் வரையிலோ வீட்டில் செலவு நேரும் வரையிலோ சேமித்து வைப்பதுண்டு. அவர்களுக்கு அதுவே வைப்புத்தொகை. நம் சமையலறைப் புதினா வேறு வகை. அதன் மணத்துக்குக் கார்வோன் என்னும் பொருளே முதன்மைக் காரணம்.

ஏப்ரலில் எங்கள் தொட்டி நிறைந்தது. துவையல் அரைத்த மணம் எதிர்வீட்டு அம்மையாரை வாசலுக்கு அழைத்து வந்தது. தாயார் ஒரு கிண்ணத்தில் துவையலும், வேர்விட்ட நான்கு தண்டுகளும் அளித்தார். மறுநாள் அக்கிண்ணம் வெறுமையாகத் திரும்பவில்லை. ‘ஆம் பன்னா’ வந்தது. அவித்த மாங்காயின் சதையுடன் ஒரு கைப்பிடிப் புதினா, வறுத்த சீரகத் தூள், கறுப்பு உப்பு, சர்க்கரை சேர்த்து அரைத்துக் குளிர்ந்த நீரில் கலக்கும் கோடைப் பானம் அது. செய்முறையை அவர் சைகையிலேயே கற்பித்தார். தாயார் சைகையிலேயே கற்றுக்கொண்டார். அன்று முதல் மாலை நேரங்களில் இருவரும் மாடியில் ஒன்றாக அமர்ந்தனர். ஒருவர் தமிழிலும் மற்றவர் இந்தியிலும் பேசினர். உரையாடல் தடைபட்டதாகத் தெரியவில்லை.

இவ்வாண்டு எனக்கு மீண்டும் மாறுதல் வந்தது. தொட்டியை எதிர்வீட்டில் ஒப்படைத்த தாயார், சில தண்டுகளை மட்டும் ஈரத்துணியில் சுற்றித் தம் பையில் வைத்துக்கொண்டார். புதிய ஊரின் சமையலறைச் சன்னலில், அதே குவளையில் அவை இப்போது வேர்விட்டுள்ளன.

அடுத்த முறை புதினா ஆயும்போது, தண்டுகளை எறிந்துவிடாதீர்கள். நான்கைந்தைக் குவளை நீரில் இடுங்கள். வேர் பிடித்தவற்றில் இரண்டை அண்டை வீட்டாருக்கும் அளியுங்கள்.