வீடு மாறும் முன் கைக்குப் பணம்: எதை முதலில் எடுப்பது?

வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு நெருக்கடியைச் சந்திக்கிறது. புதிய வீட்டின் முன்பணத்தைச் சாவி வாங்குவதற்கு முன்பே கட்ட வேண்டும். பழைய வீட்டின் முன்பணமோ காலி செய்த பின்னரே திரும்புகிறது. இடையில் லாரி வாடகை, சுமைகூலி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என அனைத்தும் ஒரே மாதத்தில் வந்து சேர்கின்றன. தொகை சில வாரங்களுக்கே தேவைப்படுகிறது. ஆனால் அவசரத்தில் எடுக்கும் முடிவின் சுமை பல மாதங்கள் நீடித்துவிடுகிறது. ஆகவே எந்த வழியை முதலில் நாடுவது, எதை இறுதியில் வைத்துக்கொள்வது என்பதை இங்கே வரிசைப்படுத்துகிறோம்.

வர வேண்டிய பணம்

கடனைப் பற்றி எண்ணுமுன், பிறரிடம் தங்கியுள்ள உங்கள் பணத்தைக் கணக்கெடுங்கள். அதில் பெரியது பழைய வீட்டின் முன்பணம். 2021-ஆம் ஆண்டின் மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கான முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேற்படக் கூடாது என்கிறது. இது மாநிலங்கள் பின்பற்றுவதற்கான முன்மாதிரியே; ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் மட்டுமே செல்லும். எனவே உங்கள் ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று படித்துப் பாருங்கள். காலி செய்யும் தேதியை உரிய காலத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். சுவர், குழாய், மின் அளவி ஆகியவற்றைப் படமெடுத்து வையுங்கள். சாவியை ஒப்படைக்கும் நாளிலேயே கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று உரிமையாளருடன் முன்கூட்டியே பேசிவிட்டால் பாதிக் கவலை தீரும்.

வேறு ஊருக்குச் செல்வோர் சமையல் எரிவாயு உருளையையும் ரெகுலேட்டரையும் முகவரிடம் ஒப்படைத்து வைப்புத்தொகையைத் திரும்பப் பெறலாம். புதிய ஊரில் மீண்டும் கட்ட வேண்டியிருக்கும் என்பதால் இதை வருவாயாகக் கருத வேண்டாம். இணைய இணைப்புக்காகக் கட்டிய வைப்புத்தொகையையும் மறவாமல் கேளுங்கள்.

பெட்டிகளை அடுக்கும்போது பழைய பாஸ்புத்தகங்கள் கண்ணில் படும். அவற்றை எறிந்துவிடாதீர்கள். வாடிக்கையாளர் தரப்பில் இரண்டு ஆண்டுகள் எந்தப் பரிவர்த்தனையும் இல்லாத கணக்கு செயல்படாக் கணக்காகிறது. அடையாள ஆவணங்களைப் புதுப்பித்து அதை உயிர்ப்பிக்கக் கட்டணம் இல்லை. பத்து ஆண்டுகள் உரிமை கோரப்படாத தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்பட்டிருக்கும். அப்போதும் உங்கள் வங்கி வழியாகவே அதைக் கோரிப் பெறலாம். 2023-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய ‘உத்கம்’ இணையதளத்தில் பெயரைக் கொண்டு தேடிப் பார்க்கலாம்.

விற்றால் இருமுறை இலாபம்

பயன்படாத கட்டில், அலமாரி, இரண்டாவது மிதிவண்டி ஆகியவற்றை விற்றால் பணமும் வருகிறது, லாரியில் இடமும் மிச்சமாகிறது. மூன்று வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள். கடைசி நாளில் விற்பவருக்குப் பேரம் பேச நேரம் இருக்காது. பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைப் பழைய இரும்போடு சேர்த்துப் போட்டுவிடாமல் பாத்திரக் கடையில் எடை போடுங்கள்.

இணையத்தில் விற்கும்போது ஓர் எச்சரிக்கை. பணம் அனுப்புவதாகக் கூறி க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொன்னாலோ, யுபிஐ பின் எண்ணை இடச் சொன்னாலோ அது மோசடி. பின் எண் தேவைப்படுவது பணம் செலுத்துவதற்கே. பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை. ஏமாற நேர்ந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

நிலை வைப்பை முறிக்கலாமா?

பலர் முதலில் செய்வது இதைத்தான். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒருவர் 3,00,000 ரூபாயை ஓராண்டுக்கு 7 சதவீத வட்டியில் வைத்திருக்கிறார். பத்து மாதங்கள் முடிந்த நிலையில் அவருக்கு 1,00,000 ரூபாய் இரண்டு மாதங்களுக்குத் தேவை. வைப்பை முழுவதும் முறித்தால், பத்து மாதங்களுக்குரிய வட்டி விகிதமே கிடைக்கும். அதிலும் முன்முறிவுக் குறைப்பு உண்டு. அது 6 சதவீதம், குறைப்பு 1 சதவீதம் எனக் கொண்டால் வட்டி 12,500 ரூபாய். மீதி 2,00,000 ரூபாய் சேமிப்புக் கணக்கில் 3 சதவீதத்தில் இரண்டு மாதங்கள் இருந்தால் மேலும் 1,000 ரூபாய். ஆக 13,500 ரூபாய்.

அதே வைப்பின் பேரில் 8 சதவீதத்தில் கடன் பெற்றால், இரண்டு மாத வட்டி ஏறத்தாழ 1,333 ரூபாய். வைப்பு முதிர்வு வரை தொடர்வதால் 21,000 ரூபாய் வட்டி முழுமையாகக் கிடைக்கும். கடன் வட்டி போக நிற்பது சுமார் 19,667 ரூபாய். வேறுபாடு 6,000 ரூபாய்க்கும் மேல். பல ஊர்களில் ஒரு சிறு லாரியின் வாடகைக்கு அதுவே போதும். தனிவட்டியில் போட்ட இந்தக் கணக்கு விளக்கத்துக்கானது. விகிதங்கள் வங்கிக்கு வங்கி மாறும். வைப்பு தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்து, பணம் நீண்ட காலத்துக்குத் தேவைப்பட்டால் முறிப்பதே மேலாகவும் இருக்கலாம். இரண்டையும் தாளில் எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பொது வருங்கால வைப்பு நிதியிலும் கணக்கின் மூன்றாம் நிதியாண்டு முதல் ஆறாம் நிதியாண்டு வரை கடன் பெறலாம். சரணடைவு மதிப்புள்ள ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தின் பேரிலும் கடன் பெற வழியுண்டு.

நகைக்கடன்

நகையை விற்பதைவிட ஈடு வைப்பது நல்லது. திரும்பி வரும் முன்பணத்தைக் கொண்டு மீட்டுவிடலாம். ரிசர்வ் வங்கி 2025-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, 2.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரையும், 5 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் வழங்கலாம். மதிப்பிடப்படுவது தங்கம் மட்டுமே, கற்களுக்கு மதிப்பில்லை. கடனைத் தீர்த்தபின் அதிகபட்சம் ஏழு வேலை நாட்களுக்குள் நகை திரும்பக் கிடைக்க வேண்டும். வீடு மாறியதும் புதிய முகவரியையும் கைபேசி எண்ணையும் கிளைக்குத் தெரிவியுங்கள். அறிவிப்பு பழைய முகவரிக்குப் போய், தவணை தவறி நகை ஏலத்துக்குச் செல்லும் நிலை வரக் கூடாது.

தவிர்க்க வேண்டியவை

கடன் அட்டையில் ரொக்கம் எடுத்தால் எடுத்த நாள் முதலே வட்டி ஏறும்; பொருள் வாங்கும்போது கிடைக்கும் வட்டியில்லாக் காலம் இதற்கு இல்லை. கைபேசிச் செயலிக் கடனாயின், பின்னால் இருப்பது எந்த வங்கி அல்லது பதிவுபெற்ற நிதி நிறுவனம் என்று பாருங்கள். கடனின் மொத்தச் செலவைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைப் படிக்காமல் ஒப்புதல் அளிக்காதீர்கள். தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும் செயலியை உடனே விலக்குங்கள்.

வர வேண்டியதை வாங்குவது, வேண்டாததை விற்பது, சேமிப்பின் பேரில் கடன் பெறுவது, பிறகே நகை: இதுவே நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை. பழைய முன்பணம் கைக்கு வந்த அன்றே அந்தக் கடனை அடைத்துவிடுங்கள். புதிய வீட்டுக்குத் திரைச்சீலை வாங்குவது அடுத்த மாதச் சம்பளத்தில் ஆகட்டும்.