வராந்தாவில் முடிந்த வழக்குகள்

நீதி கேட்டு நிற்பவர்கள் – 9

நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், கிராண்ட் கன்கோர்ஸ் சாலையில் இருக்கிறது வீட்டு வாடகை வழக்குகளுக்கான நீதிமன்றம். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, அங்கே வந்த வழக்குகளில் பல நீதிபதியின் மேசைக்குப் போகும் முன்பே வெளி வராந்தாவில் முடிந்துவிடும். வீட்டு உரிமையாளரின் வக்கீல் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். குடித்தனக்காரர் எழுந்து போவார். ஒரு சமரசத் தாள் நீட்டப்படும்: இன்ன தேதிக்குள் பாக்கியைக் கட்ட வேண்டும், தவறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கூரை ஒழுகுவதையும் குளிர்காலத்தில் வெந்நீர் வராததையும் வழக்கில் சொல்லலாம் என்று அவருக்கு எடுத்துச்சொல்ல ஆள் கிடையாது. கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுவார்.

2013-ல் நியூயார்க் வீட்டு வழக்குகளில் வக்கீலோடு வந்த குடித்தனக்காரர்கள் 1 சதவீதம்தான். உரிமையாளர்கள் பக்கமோ ஏறக்குறைய எல்லோருக்கும் வக்கீல் இருந்தார்.

அமெரிக்காவில் குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசு செலவில் வக்கீல் உண்டு; 1963-ல் கிடியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த உரிமை அது. வீட்டை இழப்பது உரிமையியல் வழக்கு என்பதால், அந்த உரிமை குடித்தனக்காரர்களுக்கு எட்டவில்லை.

வக்கீல் வந்தால் என்ன மாறும்? மன்ஹாட்டனில் இதை ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்தார்கள். ஏழைக் குடித்தனக்காரர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு இலவச வக்கீல் உதவி தந்தார்கள். 2001-ல் முடிவு வெளியானது. உதவி கிடைக்காத பிரிவில் 51 சதவீதத்தினருக்கு எதிராகத் தீர்ப்பானது. கிடைத்த பிரிவில் 22 சதவீதம்.

இதில் மாயம் ஏதுமில்லை. நோட்டீஸ் முறைப்படி தரப்பட்டதா, கேட்கும் வாடகை சட்டம் அனுமதித்த அளவா, பழுதுபார்க்கும் கடமையை உரிமையாளர் செய்தாரா என்று வக்கீல் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பாக்கி உண்மையென்றால், அதை அடைக்க அரசின் அவசர உதவித்தொகைக்கு மனுப் போடவைத்து, அதுவரை வாய்தா வாங்குவார்.

பிராங்ஸின் 'காசா' என்ற குடித்தனக்காரர் அமைப்பு, நீதிமன்றத்துக்கு வந்தவர்களிடமே அனுபவங்களைக் கேட்டுத் தொகுத்து 2013-ல் அறிக்கை வெளியிட்டது. அங்கே வலுப்பெற்ற இயக்கம் நகர மன்றம் வரை போனது. 2017 ஆகஸ்டில் மேயர் பில் டி பிளாசியோ சட்டத்தில் கையெழுத்திட்டார். வறுமைக்கோட்டின் இரு மடங்கு வரை வருமானம் உள்ளவர்களுக்கு நகரச் செலவில் முழு வக்கீல் சேவை. அமெரிக்க நகரங்களில் இதுவே முதல். தொடக்க ஆண்டுகளில், வக்கீல் கிடைத்தவர்களில் 84 சதவீதம் பேர் தங்கள் வீட்டிலேயே தொடர்ந்ததாக நகர நிர்வாகம் கணக்குக் காட்டியது.

சோதனை 2022-ல் வந்தது. கொரோனாக் காலத்தில் வெளியேற்றத்துக்கு இருந்த தடை அந்த ஜனவரியில் முடிய, வழக்குகள் குவிந்தன. சட்ட உதவி அமைப்புகளில் போதிய வக்கீல்கள் இல்லை. அமைப்புகள் அவகாசம் கேட்டும் நீதிமன்றங்கள் வழக்குகளின் வேகத்தைக் குறைக்கவில்லை. சட்டப்படி வக்கீலுக்குத் தகுதி பெற்ற ஆயிரக்கணக்கானோர் மறுபடி தனியாக வந்து நின்றார்கள். வழக்கின் வேகத்துக்கு ஈடாக வக்கீல்களை அமர்த்த நகரம் பணம் ஒதுக்க வேண்டும். அதுவரை அந்த உரிமை பாதி உரிமைதான்.

வருமான வரம்பே வைக்காமல் இதே உரிமைக்கு 2018-ல் வாக்களித்தார்கள் சான் பிரான்சிஸ்கோ மக்கள். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)