பழைய துபாஷிக்கு விடை கொடுப்பது எப்போது?

ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் ஆர்.கே.பேட்டை. அங்கே தமிழும் கேட்கும், தெலுங்கும் கேட்கும். இரு மொழியும் தெரிந்தவர் நடுவில் நின்றால், வியாபாரம் தடையின்றி நடக்கும்.

கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு துபாஷி உண்டு. அதன் பெயர் "கம்பைலர்". மனிதன் எழுதும் கட்டளையை, கம்ப்யூட்டருக்குப் புரியும் 0, 1 என்ற எண்களாக மாற்றித் தருவது அதன் வேலை.

கட்டளை எழுதும் மொழி வளர்ந்து கொண்டே இருக்கிறது. பழைய துபாஷிக்குப் புதுச் சொற்கள் தெரியாது. அவரை எத்தனை காலம் வைத்துக் கொள்வது?

மாணவர் பட்ட பாடு

"டர்போ சி பிளஸ் பிளஸ்" 1990-ல் வந்த கம்பைலர். அந்த மொழிக்கு 1998-ல் உலகப் பொது இலக்கணம் வகுக்கப்பட்டது. அதன் பிறகும் நம் நாட்டுக் கல்லூரிகள் பல, டர்போவை விடவில்லை. அதில் படித்த மாணவர் எழுதிய முதல் வரியையே, "தவறு" என்று தள்ளியது புதுக் கம்பைலர்!

அவசரமும் ஆகாது

அதற்காக, நேற்று வந்த கம்பைலர்தான் வேண்டும் என்றால், பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் என்ன செய்வார்?

ஆண்ட்ராய்டு செல்போனுக்கு அடித்தளம் "லினக்ஸ்". அதை உருவாக்குவோர் "ஜி.சி.சி." என்ற கம்பைலரைப் பயன்படுத்துகிறார்கள். 2015-ல் வந்த ஜி.சி.சி.க்கு முந்தியவற்றை அவர்கள் 2021-ல் கைவிட்டார்கள். மறு ஆண்டே பலன் கிடைத்தது. 1989-ம் ஆண்டு இலக்கணத்தை விட்டு, 2011-ம் ஆண்டு இலக்கணத்துக்கு லினக்ஸ் மாறியது!

2025-ல் மீண்டும் எல்லை உயர்ந்தது. 2018-க்கு முந்தியவை விடைபெற்றன.

இரண்டு முறையும் ஆறேழு ஆண்டு அவகாசம்! புதியது மக்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதன் பிறகே பழையதை நிறுத்த வேண்டும். இதுதான் வழி.