கடைவீட்டுக்குள் ஒரு குகை

பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களில், 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு, பல கடைவீடுகளின் மாடி ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். சுவரில் வரிசையாகக் குழாய்த் துளைகள். கூரையோரம் ஒரு திறப்பு. அங்கே ஒலிபெருக்கியில் ஓயாத பறவைக் குரல். மனிதர் காலிசெய்த அந்த வீடுகளில் குடியேறியவை உழவாரக் குருவிகள். மலாய்க்காரர்கள் 'வாலிட்' என்று அழைப்பது இவற்றைத்தான்.

வீடுகள் காலியானதற்கு ஒரு சட்டம் நீங்கியதும் காரணம். 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகை ஏறாமல் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் பிடித்து வைத்திருந்தது. 1997-இல் அதை நீக்கினார்கள். 1999 டிசம்பரோடு இடைக்கால அவகாசமும் முடிந்தது. வாடகை ஏறியது, தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் வெளியேறினார்கள். ஆளில்லாத வீட்டிலும் வருமானம் பார்க்க உரிமையாளர் சிலர் கண்ட வழி, குருவி வளர்ப்பு.

இந்தக் குருவியின் எடை சுமார் 15 கிராம். செங்குத்துச் சுவரைப் பற்றித் தொங்குமே தவிர, இதற்குக் கிளையில் உட்கார வராது. பறந்தபடியே பூச்சி பிடித்துத் தின்னும். இயற்கையில் இதன் வீடு குகை. கும்மிருட்டில் எங்கும் மோதாமலிருக்க, 'டக் டக்' என்று ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு வழி அறியும். வௌவால் செய்வதும் இதுவே. ஆனால் வௌவாலின் ஒலி பெரும்பாலும் நம் காதுக்கு எட்டாது, இதன் ஒலி எட்டும்.

இனப்பெருக்கக் காலத்தில் நாக்குக்கு அடியிலுள்ள சுரப்பிகள் பருத்து, பசை போன்ற உமிழ்நீர் ஊறும். அதை இழை இழையாகத் தடவி, காய்ந்ததன்மேல் மறுபடி தடவி, அரைக்கிண்ண வடிவில் கூடு கட்டி முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதில் இரண்டு முட்டை இடும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இதன் உறவுப் பறவை உண்டு. அது கூட்டில் பாசியையும் கலந்துவிடும். பினாங்குக் குருவியின் கூடோ ஏறக்குறைய முழுதும் உமிழ்நீர். சீனர்கள் அதைச் சூப்பாக்கிக் குடிக்கிறார்கள். ஒரு கிலோ பல ஆயிரம் ரிங்கிட்டுக்கு விற்கும்.

ஆகவே கடைவீட்டைக் குகையாக்கினார்கள். வெப்பம் 27 முதல் 29 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 80 முதல் 90 விழுக்காடு, வெளிச்சம் ஏறக்குறைய இல்லை. ஈரம் குறையாமலிருக்க நீர்த்தொட்டியும் நுண்துளியாக நீர் தெளிக்கும் கருவியும் வைத்தார்கள். கூடு ஒட்டக் கூரையடியில் மரப்பலகைகள் அடித்தார்கள். பதிவுசெய்த குரலைக் கேட்டு, இன்னும் இடம் பிடிக்காத இளம் பறவைகள் உள்ளே வரும். ஒருமுறை கூடு கட்டிய இடத்துக்கே அவை திரும்பத் திரும்ப வரும் என்பதால், முதல் ஜோடி தங்கிவிட்டால் தொழில் நிலைத்துவிடும்.

குருவிக்கு இதமானது கட்டடத்துக்கு நஞ்சு. கடைவீட்டின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அது ஈரத்தை உறிஞ்சும். காற்றுப் பட்டால் வெளியே விட்டுவிடும். நடு முற்றமும் ஜன்னல்களும் அந்தக் காற்றுக்காகவே வைக்கப்பட்டவை. அவற்றை அடைத்து இரவும் பகலும் நீர் தெளித்தால், ஈரம் சுவரிலேயே தங்கும், பூச்சு உதிரும், உத்திரம் இற்றுப்போகும். பக்கத்து வீட்டுக்கும் அதே சுவர் என்பதால் கேடு அங்கும் பரவும். தரையில் குவியும் எச்சம் வேறு. அதிலிருந்து கிளம்பும் நைட்ரஜன் சேர்மங்களின் ஆவி, வெள்ளைக் கூட்டைச் சிவப்பாக்கும். வாங்குவோர் அதில் இரத்தம் கலந்தது என்று நம்பி அதிக விலை கொடுத்தார்கள். 2011-இல் மலேசியக் கூடுகளில் நைட்ரைட் மிகுந்திருப்பதாகச் சொல்லிச் சீனா இறக்குமதியை நிறுத்தியதும் விலை சரிந்தது.

2008 ஜூலையில் மலாக்காவோடு ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பாரம்பரிய எல்லைக்குள் குருவி வீடுகள் 2013 இறுதிக்குள் மூடப்பட வேண்டும் என்று மாநில அரசு கெடு விதித்தது. ஆனால் இத்தொழிலுக்கென்றே கட்டிய கான்கிரீட் கட்டடங்கள் பேராக்கின் சித்தியவான் போன்ற ஊர்களில் இன்றும் இருக்கின்றன.

இப்போது ஜார்ஜ் டவுனின் கடைவீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறிவருகின்றன. அங்கேயும் முற்றத்துக்குக் கண்ணாடி மூடி போட்டு, சுவருக்கு சிமென்ட் பூசி, குளிர்சாதனம் ஓடவிட்டால், ஈரம் மறுபடி சுவருக்குள்தான் சிக்கும். பழைய கட்டடத்தில் புதுத் தொழில் தொடங்குகிறவர், வாடகைக்கு முன் கேட்கவேண்டியது இதன் ஈரம் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதை.