செய்தது முகத்தில் தெரியும்! தெரியுமா?

நீங்கள் செய்கிற நல்லதும் கெட்டதும் உடம்பிலேயே தெரிந்துவிடும் உலகம் ஒன்று உண்டு, தெரியுமா? 2004இல் வந்த 'ஃபேபிள்' வீடியோ கேமில் ஊராரை அடித்து உதைத்தால் நாயகனின் தலையில் கொம்பு முளைக்கும், சுற்றி ஈ மொய்க்கும். நல்லதே செய்தால் தலைக்கு மேல் ஒளிவட்டம், சுற்றிலும் பட்டாம்பூச்சி! பட்ட வெட்டெல்லாம் தழும்பாக நிற்கும். அதே ஆண்டு வந்த 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' நம் ஊர் பிரவுசிங் சென்டர் பையன்களுக்கு அத்துப்படி. அதன் நாயகன் சிஜேவுக்கு பர்கராக வாங்கிக் கொடுத்தால் தொப்பை போடுவான், ஜிம்முக்கு அனுப்பினால் புஜம் திரளும்.

ஊரே கூடி ஆடும் ஆன்லைன் கேம்களில் இது இன்னும் சூடு. 1997இல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' கேமில் அப்பாவிகளின் பெயர் நீல நிறம், குற்றம் செய்தால் சாம்பல், கொலைமேல் கொலை செய்தால் சிவப்பு. சிவப்புப் பெயரோடு காவல் உள்ள ஊருக்குள் கால் வைத்தால் காவலர்கள் அந்த இடத்திலேயே தீர்த்துக்கட்டிவிடுவார்கள். 2011இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்' கேமிலோ தீய பக்கம் சாயச் சாயத் தோல் வெளுத்து, நரம்பு புடைத்து, கண் நிறம் மாறும். பிடிக்காதவர்கள் அதை மறைத்துக்கொள்ளவும் ஒரு வசதி உண்டு.

இதையெல்லாம் பார்த்து வாய் பிளக்கும் விருதுநகர்ப் பிள்ளைகளே, உங்கள் ஊர்ப் பங்குனிப் பொங்கலை நினைத்துப் பார்த்தீர்களா? பராசக்தி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் என்ன வேண்டினார்களோ அதை உடம்பிலேயே சுமந்து வருகிறார்கள்! அக்னிச்சட்டி நேர்ந்தவர் கையில் சட்டி கனல்கிறது. இன்னொருவர் உடம்பு முழுக்கக் கரும்புள்ளி செம்புள்ளி: கன்னம், நெஞ்சு, முதுகு என்று இடம் விடாமல் கறுப்பும் சிவப்பும் பொட்டுப் பொட்டாக. சின்னப் பிள்ளைகள்கூட அந்தப் புள்ளிகளோடு அப்பாவின் தோளில் உட்கார்ந்து வருகிறார்கள். அசந்துபோகிற விஷயம் என்ன தெரியுமா? கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுவது அந்தக் காலத்தில் குற்றவாளிக்கு ஊர் கொடுத்த தண்டனை. அல்டிமாவின் சிவப்புப் பெயர் மாதிரியேதான்! அதே புள்ளியை அம்மனுக்காகத் தானே விரும்பி ஏற்று, தலை நிமிர்ந்து நடுத்தெருவில் நடக்கிறார்கள் இங்கே. எந்த கேம் கம்பெனிக்கும் இப்படியொரு திருப்பம் தோன்றியதாகத் தெரியவில்லை.

தெற்கே தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்துக்குப் போனால் வேஷங்களின் கடல்! முத்தாரம்மன் தசராவில் குரங்கு, கரடி, ராஜா, போலீஸ், பிச்சைக்காரர் என்று நேர்ந்த வேஷத்தைக் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி அம்மன் உண்டியலில் சேர்க்கிறார்கள். நினைத்த வேஷத்தை நினைத்த நேரத்தில் மாட்டிவிட முடியாது. காளி வேஷம் என்றால் நாற்பது நாளுக்கு மேல்கூட விரதம் இருக்கிறார்கள், அதன் பிறகுதான் சடைமுடியும் வீரப்பல்லும். லெவல் ஏறாமல் கவசம் கிடைக்காது என்கிற கேம் விதியை இங்கே உடம்பை வருத்தியே கடக்கிறார்கள்.

வேஷம் ஆளையே மாற்றும் என்று ஆராய்ச்சியும் சொல்கிறது, தெரியுமா? 2007இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக் யீ, ஜெரமி பெயிலன்சன் இருவரும் சிலருக்குக் கணினி உலகில் உயரமான உருவமும் சிலருக்குக் குட்டை உருவமும் கொடுத்து, 100 டாலரைப் பங்கு போடச் சொன்னார்கள். உயரமான உருவம் கிடைத்தவர்கள் தங்கள் பங்கைக் கூட்டிக் கேட்டார்கள். குட்டை உருவம் கிடைத்தவர்கள் அநியாயப் பங்குக்கும் தலையாட்டினார்கள்! நினைத்தபடி உருவம் மாறும் கிரேக்கக் கடல் தெய்வத்தின் பெயரால் இதை 'புரோட்டியஸ் விளைவு' என்கிறார்கள். குலசேகரன்பட்டினத்திலோ வேஷம் கட்டியவர் மட்டுமல்ல, பார்ப்பவர்களும் மாறுகிறார்கள்: காளி வேஷம் கட்டியவர் அருள் வந்து ஆடும்போது, அவரைவிட மூத்தவர்களும் 'அம்மா, தாயே' என்று காலில் விழுந்து அருள்வாக்குக் கேட்கிறார்கள்.